கேட்டைத் திறந்துவிட்ட கீழ்வீட்டுக்காரர்: பெருந்தொற்றுக் கால உணவு விநியோகத்தில் எங்கே பிசகினோம்?

#1 மூட்டைதூக்கி

ஒரு கையேடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையேடு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, இருபது பக்கம் தாண்டாது. கோவிட் காலத்தில் நாலு பேராகத் தொடங்கி, கடைசியில் இருநூறு வீடுகளுக்கு மேல் வாரம் ஒரு மூட்டை கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம். அடுத்த தொற்று வந்தால், அப்போது இறங்குகிறவர்கள் நாங்கள் முட்டிக்கொண்ட அதே சுவரில் போய் முட்டிக்கொள்ள வேண்டாமே என்று ஓர் எண்ணம்.

சரக்கு வாங்குவது, பிரிப்பது, கட்டுவது பற்றியெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். 'யாருக்குக் கொடுப்பது' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் முதல் பட்டியல் வாட்ஸ்அப்பில் பிறந்தது. தெரிந்தவர் தெரிந்தவருக்கு அனுப்ப, படிவத்தை நிரப்பினவர்களுக்கு மூட்டை. போனில் டேட்டா போடக் காசில்லாதவர், படிவத்தைப் படிக்கத் தடுமாறுகிறவர், எந்தக் குழுவிலும் இல்லாதவர் எல்லாரும் அங்கேயே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். அதை இரண்டாம் வாரமே உணர்ந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம். உணராமல் போனது வேறொன்று.

ஒரு வீட்டு மாடியில் வயதான தம்பதி. வாரா வாரம் நான்தான் மூட்டை கொண்டுபோவேன். கீழ்வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டதுமே வந்து கேட்டைத் திறந்துவிடுவார். "பாத்துங்க, மூணாவது படி ஆடும்" என்பார். சில நாள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து மாடி வரை ஏற்றியும் கொடுத்திருக்கிறார். நல்ல சட்டை, சவரம் செய்த முகம். ஆறாவது வாரம் மாடியம்மா போன் செய்தார்: "தம்பி, கீழ நாலு நாளா சமைக்கிற வாசனையே வரல. நான் கேட்டா சொல்ல மாட்டாங்க. நீ ஒரு வார்த்தை கேளேன்." சம்பளம் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ஆறு வாரம் அவர் கையாலேயே மூட்டையை மேலே ஏற்றியிருக்கிறேன்.

கேட்காதவரைக் கண்டுபிடிப்பது எப்படி? படிவத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது? இதே வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்.


#2 கணக்குப்பிள்ளை

தோழர், படித்ததும் மனசைப் பிசைந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் கையேட்டில் எழுதுங்கள். எங்கள் குழுவில் பட்டியல், இருப்பு, நன்கொடைக் கணக்கு மூன்றும் என் தலையில். ஒரே வீட்டுக்குக் கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று என மூன்று மூட்டை போனதை நானே பிடித்தேன். அந்த வாரம் வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பேரை வெறுங்கையோடு அனுப்பினோம். அவர்கள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சும்மாவா சொன்னார்கள்? இருப்பது நூறு மூட்டை என்றால் ஒருவர் இரண்டு எடுக்கும்போது இன்னொருவருக்கு இல்லை. இதில் இரக்கம், கல்நெஞ்சு என்ற பேச்சே கிடையாது. வெறும் கழித்தல் கணக்கு.

நாங்கள் கேட்டவை: வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வருமானம், வேறெங்காவது வாங்குகிறீர்களா, அடையாள அட்டை நகல். அட்டை கேட்ட வாரமே பட்டியல் சரசரவென்று சுருங்கியது. அத்தனையும் போலி.


#3 தராசு

அட்டை கேட்டதும் ஒதுங்கினவர்கள் எல்லாம் போலி என்று எப்படி முடிவு செய்தீர்கள் கணக்குப்பிள்ளை? யாராவது போய்ப் பார்த்தீர்களா?

அட்டை வேறு ஊரில் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர், பெயர் வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று பயந்திருக்கலாம். எந்த ஆவணமும் இல்லாமலே வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அரசுகளே இதில் தடுக்கி விழுந்தன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாக, இலவசமாக என்று அறிவித்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய உணவு விநியோகங்களில் அது ஒன்று. ஆனால் கையில் குடும்ப அட்டை இருந்தால்தான் அதற்குள் வர முடியும். அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று மே மாதம் தனியாக இன்னொரு ஒதுக்கீடு அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் நடக்கவே தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் பிடித்தது இரண்டு வாங்கியவர்களை. விட்டது யாரை என்பதற்கு உங்கள் எக்செல்லில் பத்தியே கிடையாது. அதனால்தான் உங்கள் கணக்கு சரியாக வருகிறது.


#4 சமையற்கட்டு

எல்லாரும் மூட்டை மூட்டைன்னே பேசறீங்க. அடுப்பே இல்லாதவங்களுக்கு மூட்டையைக் கொடுத்து என்ன பண்ணச் சொல்வீங்க? பத்துப் பேர் ஒரு அறையில தங்கி வெளியில சாப்பிட்டு வேலைக்குப் போனவங்க, கடை மூடினதும் அப்படியே முடங்கிட்டாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கற தனி ஆளுக்கு எழுந்து பருப்பு வேக வைக்கத் தெம்பு ஏது? கேஸ் தீர்ந்து போன வீடு எத்தனை! பட்டியல்ல 'அடுப்பு இருக்கா, எரிபொருள் இருக்கா'ன்னு ஒரு கேள்வி போடுங்க முதல்ல.

நாங்க சமைச்சுப் பொட்டலம் கட்டினோம். அதுல இருக்கற பயம் மூட்டைக்காரங்களுக்குத் தெரியாது. கையேட்டுக்கு எழுதிக்கோங்க. சமைச்ச சாப்பாடு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லேன்னா 5 டிகிரிக்குக் கீழ குளிர்ந்து இருக்கணும். நடுவுல இருக்கற நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். சாதாரண வெப்பத்துல 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதேன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சோத்துல வர்ற ஒரு வகை பாக்டீரியா இருக்கு, அதோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. ஆறி அவலா கிடக்கும்போது முளைச்சு நஞ்சைக் கக்கிடும். அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. 'கொதிக்க வெச்சுச் சாப்பிடுங்க'ன்னு சொல்லிக் கொடுத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க.

ஒரு நாள் வண்டி வர மூணு மணி நேரம் தாமதம். பெரிய அண்டா, தொட்டுப் பார்த்தா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. பசியோட காத்திருக்கறவங்க இருக்காங்க, கொடுத்துடலாம்னு பாதிப் பேர். கூடாதுன்னு மீதிப் பேர். கடைசியில குழி தோண்டிக் கொட்டினோம். அன்னிக்கு ராத்திரி எங்க யாருக்குமே சாப்பாடு இறங்கல. ஆனா தொற்று முத்தியிருக்கற நேரத்துல, படுக்கை கிடைக்காத ஆஸ்பத்திரிக்கு வாந்தி பேதின்னு அம்பது பேரை அனுப்பியிருந்தா?

அதுக்கப்புறம் ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் சமைச்ச நேரத்தை மார்க்கர் பேனாவால எழுத ஆரம்பிச்சோம். பெரிய விஷயம் எல்லாம் இல்ல. ஒரு பேனா.


#5 வார்டுசெவிலி

நான் விநியோகத்தில் இல்லை, வார்டில் இருந்தேன். ஓய்வு நாளில் ஒரு குழுவுக்குப் போய்ப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

அங்கே எண்ணெய் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூட்டை மேல் கிருமிநாசினி அடித்து வெயிலில் காய வைத்தார்கள். அதற்கென்றே மூன்று பேர். ஆரம்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, பயத்தில் செய்தோம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது இது: கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அந்தத் தொற்று பரவியது பெரும்பாலும் மூச்சுக்காற்றில்.

அதே குழு, கூட்டம் உள்ளே வந்துவிடக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காற்றே இல்லாத கூடத்தில் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் உரச மூட்டை கட்டிக்கொண்டிருந்தது! மாஸ்க் தாடையில். பாக்கெட் சுத்தமாக இருந்தது, கட்டியவர்களில் பாதிப் பேர் படுத்தார்கள். கட்டும் வேலையை மரத்தடிக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றுங்கள் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். அடுத்து வருவது வேறு மாதிரி பரவுகிற நோயாகவும் இருக்கலாம். ஆகவே 'எப்படிப் பரவுகிறது' என்பதை முதல் வாரமே ஒருவர் பொறுப்பெடுத்து விசாரித்து, தகவல் மாற மாற வேலை முறையையும் மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு செய்தி. இன்சுலின் போடுகிறவர் யார் என்று தெரிந்து வைத்திருங்கள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வரும் என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொள்வார். நீங்கள் மூன்று மணிக்குப் போனால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். தாமதமாகும் என்றால் அந்த வீடுகளுக்கு மட்டுமாவது முன்னதாகப் போன் போக வேண்டும்.

பால் பவுடர் டின்னை எல்லா மூட்டையிலும் கருணையோடு போடாதீர்கள். தாய்க்குத் தொற்று இருந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுத் தாய்ப்பால் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டின்னைப் பார்த்ததும் தாய்ப்பாலைக் குறைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டின் தீர்ந்ததும் பாலும் வற்றியிருக்கும். ஏற்கெனவே பவுடர் பாலில் வளரும் குழந்தை இருந்தால், தனியாகக் கேட்டு, நிறுத்தாமல் கொடுங்கள். தேன் பாட்டில் நன்கொடையாக வந்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது என்று சீட்டு ஒட்டாமல் அனுப்பாதீர்கள்.


#6 கணக்குப்பிள்ளை

செவிலி அக்கா, அந்த எண்ணெய் பாக்கெட் கழுவிய கோஷ்டியில் நானும் உண்டு. வேறு குழுவாக இருக்கும் என்று நம்புகிறேன். உப்பு பாக்கெட்டைக்கூடக் கழுவினோம். மறுநாள் எல்லாம் ஒரே பாறை.

தராசு கேட்டதற்கு: போய்ப் பார்க்கவில்லை. அதற்கு ஆள் இல்லை.


#7 தராசு

மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதையும் கொஞ்சம் பேசுவோம். பேரிடர் உதவிக்கென்று பல அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் அளவுகோலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. நாலு பேர், ஏழு நாள் என்றால் 58,800. பத்துக் கிலோ தானியம், இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் போட்டாலே தோராயமாக 50,000தான் தேறும். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு போட்டோம்? ஐந்து கிலோ மூட்டையைக் கொடுத்துவிட்டு 'ஒரு வார உணவு' என்று பேனர் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பாதி வாரம் என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் மீதிக்கு வேறு வழி தேடியிருக்கும்.

அடுத்தது, மூட்டையா காசா என்ற பழைய சண்டை. என் கட்சி காசு. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் எழுதியது, தானியம் இல்லாததால் மட்டும் மக்கள் பட்டினி கிடப்பதில்லை, வாங்கும் வழி அறுந்து போவதால் கிடக்கிறார்கள் என்று. 2020இல் ஒரு பக்கம் வாங்க ஆளில்லாமல் பாலைக் கீழே கொட்டினார்கள், இன்னொரு பக்கம் உணவு வங்கி வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. உணவகங்களுக்கென்று பெரிய பெரிய மூட்டைகளில் கட்டியதை வீட்டு அளவுக்குப் பிரித்துக் கட்ட வழியில்லாமல் கிடங்கில் முடங்கியதும் உண்டு.

பிரிட்டனில் பள்ளிச் சாப்பாட்டுக்குப் பதிலாக வீட்டுக்கு அனுப்பிய பொட்டலங்களின் படங்கள் 2021 ஜனவரியில் வெளிவந்து நாறியது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பிள்ளைக்குப் பல நாளைக்கு என்று கொடுத்தது பார்க்கவே சொற்பமாக இருந்தது. கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு அதைப் பகிர்ந்து கேள்வி கேட்டார். கடைசியில் கடையில் மாற்றிக்கொள்ளும் வவுச்சருக்கே திரும்பினார்கள். வவுச்சரை வாங்கிய தாய் அதே தொகைக்கு அதைவிட எவ்வளவோ நன்றாக வாங்கியிருப்பாள். அவளுக்குத் தன் பிள்ளை எதைத் தின்னும் என்று தெரியும்.


#8 மூட்டைதூக்கி

தராசு, காசு நல்லதுதான், ஆனால் அந்த முதல் இரண்டு மாதம் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதிக் கடை மூடல், திறந்த கடையில் சரக்கில்லை, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு வெளியே வரத் தடை. எங்கள் அனுபவத்தில் தொடக்கத்தில் மூட்டை, கடைகள் திறந்த பிறகு காசு என்று மாறியிருக்க வேண்டும். நாங்கள் மாறவில்லை. மூட்டை கட்டிப் பழகிவிட்டோம், அதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான்.

இன்னும் என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.


#9 பெயர் வேண்டாம்

ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சுட்டே இருந்தேன். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நான் மூட்டை வாங்கினவன்.

எங்க பகுதியில விநியோகம் ஆரம்பிச்ச முதல் வாரம் நான் அந்தக் குழுவுக்குப் பணம் அனுப்பினேன். நம்மால முடிஞ்சதுன்னு. மூணாவது மாசம் அதே குழுவோட படிவத்தைத் திறந்து பெயர், விலாசம் எல்லாம் நிரப்பிட்டு, கடைசி பட்டனை அமுக்காம மூடினேன். ஒருதரம் இல்ல, நாலஞ்சு தரம். பணம் அனுப்பின ரசீது போன்லயே இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது?

'வருமானம் எவ்வளவு'ன்னு ஒரு கட்டம் இருக்கும். போன மாசக் கணக்கா, இந்த மாசக் கணக்கா? பூஜ்யம்னு போட்டா நம்புவாங்களா? வேலை போயிடுச்சுன்னு எழுத்தால எழுதணும். வீட்ல பொண்டாட்டிகிட்டயே இன்னும் முழுசா சொல்லல.

கடைசியில கேட்டோம். வந்தாங்க. நல்லவங்கதான். மூட்டையைக் கையில கொடுத்து, "ஒரே ஒரு போட்டோ சார், டோனருக்கு அனுப்பணும்"ன்னாங்க. நின்னேன். மறுநாள் அந்தப் படம் ஏதோ ஒரு குழுவில சுத்தி, என் பையனோட கூடப் படிக்கிறவன் போனுக்கு வந்துச்சு. பையன் ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் அந்த மூட்டையில வந்த எதையும் அவன் தொடல.

கணக்குப்பிள்ளை சார், பாத்திரம் அறிந்து பிச்சையிடுன்னு எழுதியிருந்தீங்க. பாத்திரம் நான்தாங்க.

மூட்டைதூக்கி அண்ணன் கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். அடுத்த மாசம் வேற ஒரு குழு வந்துச்சு. அவங்க பட்டியலே எடுக்கல. எங்க வரிசையில இருக்கற எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, "எல்லாருக்கும் கொடுக்கறோம், உங்களுக்கு வேண்டாம்னா யாருக்குக் கொடுக்கலாம்னு சொல்லுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். கார் வெச்சிருக்கற எதிர்வீட்டுக்காரர் வாங்கி, அங்கேயே நின்ன காவலாளி கையில கொடுத்தார். நான் வாங்கி உள்ள வெச்சேன். யார் எதுக்கு வாங்கினாங்கன்னு யாருக்கும் தெரியாது. அந்த மூட்டையைப் பையன் பிரிச்சான்.


#10 சமையற்கட்டு

தம்பி, எழுதினதுக்கு நன்றி. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.


#11 கணக்குப்பிள்ளை

நேற்று இரவே படித்தேன், பதில் எழுத இப்போதுதான் முடிந்தது. அந்தப் பழமொழியை எடுத்தது தவறு. மன்னியுங்கள்.

போட்டோ எடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நன்கொடை தருகிறவர்கள் கேட்டார்கள், படம் போனால் அடுத்த வாரம் பணம் வந்தது, போகாவிட்டால் வரவில்லை. இதைக் காரணமாகச் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. பின்னாளில் வேறு வழி கண்டுபிடித்தோம்: அடுக்கி வைத்த மூட்டைகளின் படம், கடைக்காரர் பில், வாரக் கடைசியில் வந்தது, போனது, மீந்தது மூன்றையும் எழுதிய ஒரே ஒரு தாள். முகம் இல்லாத கணக்கு. ஒருசிலர் நின்றுபோனார்கள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம்.

ஆனால் வரிசை முழுக்கக் கொடுப்பதில் என் கேள்வி அப்படியே இருக்கிறது. நூறு வீட்டில் முப்பது வீட்டுக்குத்தான் தேவை என்றால் எழுபது மூட்டைக்கு எங்கே போவேன்? எதிர்வீட்டுக்காரர் காவலாளிக்குக் கொடுத்தார், சரி. எல்லாரும் அப்படிக் கொடுப்பார்களா?


#12 தராசு

நியாயமான கேள்வி. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. நெருக்கடி எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ, அங்கே வரிசை முழுக்க. சிதறிக் கிடக்கும் இடத்தில் ஆவணம் கேட்காமல், கேட்டவருக்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று செய்யலாம். வீட்டுக்கு ஒரு எண் கொடுத்து, எண்ணுக்கு வாரம் ஒரு மூட்டை என்று வைத்தால் உங்கள் மாமியார் மருமகள் சிக்கல் தீர்ந்தது. பெயரே வேண்டாம். எண்ணைத்தானே கழிக்கப் போகிறீர்கள்?

மீறி ஒருவர் இரண்டு வாங்கினால் வாங்கட்டும் என்பேன். அதைத் தடுக்கப் போடும் வேலி எத்தனை பேரைத் தடுக்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்.


#13 இருசக்கரன்

கொண்டுபோய்ச் சேர்த்தவன் பேசுகிறேன். மூளைக்காரர்கள் எல்லாம் பேசி முடித்தாயிற்றா?

தராசு சொன்ன கணக்குப்படி மூட்டை பதின்மூன்று கிலோ. லிப்ட் ஓடாத நாலாவது மாடி. கதவைத் திறப்பவர் எழுபது வயசுப் பாட்டி. வாசலில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பாட்டி மூட்டையை எப்படி உள்ளே இழுப்பார்? ஒரு தடவை இழுத்துப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து முதியவர் வீட்டுக்கு மட்டும் நாலைந்து சின்னப் பைகள். கட்டுபவர்களுக்குக் கூடுதல் வேலைதான், திட்டினார்கள், கட்டினார்கள்.

எண் யோசனைக்கு என் ஓட்டு. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூவினால் பக்கத்து ஜன்னல் எல்லாம் திறக்கும். 'நாப்பத்தேழு' என்று கூவினால் யாருக்குப் புரியும்? ஒரு வீட்டில் அந்தச் சின்னக் குழந்தை என்னை 'நாப்பத்தேழு மாமா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது, அது தனிக் கதை.

வாசலில் வைத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கதவு திறந்து பை உள்ளே போகும் வரை நில்லுங்கள். நாய் கிழித்த மூட்டை இரண்டு பார்த்துவிட்டேன். தவிர, அந்த அரை நிமிடத்தில்தான் ஆட்கள் பேசுவார்கள். பல வீடுகளில் அந்த வாரம் முழுக்க அவர்கள் பார்த்த ஒரே வெளியாள் நாம்தான். மருந்து தீர்ந்தது, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, பக்கத்து வீட்டில் இரண்டு நாளாகச் சத்தமே இல்லை, இதெல்லாம் அங்கே கிடைத்த தகவல். படிவத்தில் ஒன்றும் வராது.


#14 வேடிக்கைபார்ப்பவன்

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் இப்படி ஓட்டையை அடைத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் எப்போது செய்வார்கள்?


#15 சமையற்கட்டு

செய்யணும்தான். எழுதிக் கேளுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். அது வர்ற வரைக்கும் மத்தியானம் ஒரு மணி ஒவ்வொரு நாளும் வந்துட்டே இருக்குமே?


#16 வார்டுசெவிலி

வேடிக்கைபார்ப்பவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. விநியோகக் குழுக்கள் தாங்கள் கொடுத்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல், எந்த வீட்டுக்கு அரசின் எந்த உதவி ஏன் போகவில்லை என்று குறித்துக் கொடுத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். இருசக்கரனுக்குத் தெரிந்திருந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று. பல இடங்களில் உணவு விநியோகத்தைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்தவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர்கள். இந்தத் தொற்று குறிவைத்ததும் அவர்களைத்தான். வேலை கூடிய அதே வாரம் கைகள் குறைந்தன. ஆகவே அடுத்த முறை பெரியவர்களைப் போன் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினம் பத்து வீட்டுக்குப் பேசி விசாரிக்க அவர்களைவிட யார் உண்டு? மாடியம்மா மாதிரி.


#17 மூட்டைதூக்கி

செவிலி அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மாடியம்மா எங்கள் பட்டியலில் 'பயனாளி'. அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறு வாரம் யாருக்கும் உறைக்கவில்லை.

நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. தொடங்கியதை எல்லாரும் எழுதுகிறார்கள், நிறுத்தியதை யாரும் எழுதுவதில்லை. எங்களுக்குப் பணம் வற்றிய வாரம், 'அடுத்த வாரம் முதல் இல்லை' என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினோம். கேட்க எவ்வளவு சுலபம்! அதை நம்பி வீட்டு வாடகையைக் கட்டியவர்கள் இருந்தார்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லி, மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கி, கடைசி மூட்டையில் வேறு எங்கே கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

அத்தியாயத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். பெயர் இல்லை, வருமானம் இல்லை, அட்டை இல்லை. வீட்டு எண், எத்தனை வாய், கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, படுக்கையில் இருப்பவர் உண்டா, அடுப்பும் எரிபொருளும் உண்டா. கடைசியாக, 'உங்கள் பக்கத்தில் யாருக்காவது சொல்ல வேண்டுமா?'


#18 பெயர் வேண்டாம்

அண்ணே, கடைசிக் கேள்வியைத் தாள்ல போடாதீங்க. எழுத்துல கேட்டா காட்டிக்கொடுக்கற மாதிரி இருக்கும். இருசக்கரன் அண்ணன் மாதிரி ஆளுங்க வாசல்ல நின்னு கேக்கட்டும்.


#19 கணக்குப்பிள்ளை

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தவிர, பட்டியலில் 'மீந்தது' என்று ஒரு பத்தி சேருங்கள். சும்மா சொன்னேன், வேண்டாம். பழக்கதோஷம்.

அந்தக் கீழ்வீட்டுக்காரர் அப்புறம் என்ன ஆனார்?


#20 மூட்டைதூக்கி

கேள்வியை எடுத்துவிட்டேன், பத்தியைச் சேர்த்துவிட்டேன்.

அவருக்கு எட்டு மாதம் கழித்து வேலை கிடைத்து, வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதுவரை சனிக்கிழமை தவறாமல் எங்களோடு வந்து மூட்டை கட்டினார். அவர் போடும் முடிச்சு லேசில் அவிழாது. மாடியம்மா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே ஒவ்வொரு வாரமும் திட்டுவார்.